மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. ஏப்ரல் வரை டேங்க் நம்பரும் டெஸ்ட் தேதியுமாக நிரம்பிக் கிடக்கிறது. மே மாதம் பூராவும் வெள்ளை. வேலையை விட்டவனுக்கு எழுத என்ன இருக்கும்? சும்மா கிடக்கிற பக்கத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று இன்று எடுத்தேன்.

காலையில் பயோடேட்டா எழுத உட்கார்ந்தேன். பெயர்: ச. ஞானப்பிரகாசம். வயது: ஐம்பத்தொன்று. அனுபவம்: துவாக்குடியில் காற்று டேங்க் செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருடம், தரப் பரிசோதகர். விலகிய காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. டீ குடித்துவிட்டு வந்து "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். ராஜினாமாக் கடிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. கடிதத்தை டைப் செய்து எடுத்து வந்தவர் மேனேஜர் கஜேந்திரன். கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஜூன் 5, புதன்

சிலிண்டர் வந்தது. ரேஷனில் பருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

பெனிட்டா காலேஜிலிருந்து வந்ததும் என் பயோடேட்டாவைக் கையில் எடுத்தாள். எம்.பி.ஏ. கடைசி வருடம், மனிதவளம் படிக்கிறாள். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னப்பா இது? உயரம், எடை, மதம், பொழுதுபோக்கு பேப்பர் படிக்கிறது... பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"இவருக்கு எவ குடுப்பா?" என்று அடுப்படியிலிருந்து லூர்து குரல் கொடுத்தாள்.

பிறகு பெனிட்டா என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். ஒரு பேப்பரை அவர்கள் பத்து செகண்டுகூடப் பார்க்க மாட்டார்களாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம். அப்பா பெயர் என்ற வரியை அடித்துவிட்டாள். இப்போது யாரும் போடுவதில்லையாம். "என்னுதுல மட்டும் எடுக்க மாட்டேன். எங்க சார் எடுக்கச் சொன்னாரு. முடியாதுன்னுட்டேன்" என்று அவளுடையதைக் காட்டினாள். தந்தை: ச. ஞானப்பிரகாசம், தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். நான் பொறியாளர் இல்லை, டிப்ளமோதான். இருந்தாலும் திருத்தச் சொல்லவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்ற வரி. அதை விட்டுவைத்தாள். நம் ஊர்க் கம்பெனிகள் அதைத் தேடுவார்களாம்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போனோம். நற்கருணை வாங்க நான் எழுந்து போகவில்லை. முட்டி வலி. திரும்பி வரும்போது லூர்து, "மார்ச்சுலேருந்து உங்களுக்கு ஞாயித்துக்கெழம மட்டும் முட்டி வலிக்குது" என்றாள். இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு.

ஜூன் 11, செவ்வாய்

அடுப்படிக் குழாய் சொட்டியது. வாஷர் மாற்றி, பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. தொழில் புத்தி.

மாலை பெனிட்டா லேப்டாப்போடு வந்தாள்.

"என்ன வேலை பாத்தேன்னு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்கப்பா. என்ன சாதிச்சீங்க, எத்தன, எத்தன நாள்ல, அப்படி நம்பர்ல சொல்லுங்க."

நம்பருக்கா பஞ்சம்? டிவி பக்கத்தில் இருக்கிற கேடயத்தை எடுத்துக் கொடுத்தேன். போன வருடம் நிதியாண்டு முடிவில், 31.03.2023 அன்று, ஒரே நாளில் நாற்பத்தொரு டேங்கை சோதித்து அனுப்பியதற்கு முதலாளி மேடையில் வைத்துக் கொடுத்தது. லூர்து வாராவாரம் துடைத்து வைக்கிறாள்.

"சூப்பர்ப்பா! இதான் முதல் வரி" என்று கொட்டை எழுத்தில் அடித்தாள். படித்துப் பார்த்தபோது அது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

பதினோரு கம்பெனிக்கு அனுப்பியாயிற்று. ஒருத்தி மட்டும் போனில் கூப்பிட்டாள். "வயசு அம்பத்தொண்ணா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். வயதைக் குறைத்து எழுதுவதற்கும் பெனிட்டா ஏதாவது வழி வைத்திருக்கிறாளா தெரியவில்லை.

இந்த மாதத்தோடு கையிருப்பு தீர்ந்துவிடும் என்று லூர்து சொல்லவில்லை. சாயங்கால டீயில் பால் குறைந்திருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

இன்டர்வியூவுக்குப் பழக்குகிறேன் என்று பெனிட்டா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு டேங்க எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க சார்? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

எனக்குப் பிடித்த கேள்வி. டேங்கில் தண்ணீர் நிரப்ப வேண்டும், உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. பம்ப் வைத்து, அது வழக்கமாகத் தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் அசையாமல் விட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ வெல்டிங் விட்டிருக்கிறது என்று அர்த்தம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"மொத்தம் எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு டேங்குக்கு ஒரு மணி நேரம். விரட்டிப் பண்ணினா முக்கால் மணி."

"எத்தன பம்ப்?"

"ஒண்ணே ஒண்ணு. அந்தக் கஞ்சப்பய இன்னொண்ணு வாங்கினாத்தானே?"

அவள் சிரிக்கவில்லை. பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாப்பத்தொண்ணு எப்படிப்பா?"

"மூணு ஷிப்ட்டு ஓடிச்சு."

"மூணு ஷிப்ட்டுன்னாலும் ஒரு நாளைக்கு இருவத்துநாலு மணி நேரந்தானேப்பா?"

"உனக்கு என்னடி தெரியும் தொழிலப் பத்தி?" என்று கத்திவிட்டேன். லூர்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். பெனிட்டா நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மேஜை டெஸ்ட் என்று எங்கள் கம்பெனியில் சொல்வோம். மாதக் கடைசியில் லாரி வாசலில் நிற்கும், கஜேந்திரன் தலைக்குமேல் நிற்பார், நான் மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை நிரப்புவேன். ஏற்றிய அழுத்தம், நின்ற நேரம், முடிவு சரி, கையெழுத்து. டேங்க் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்திருக்காது. அந்த மார்ச் 31 அன்றைக்கு ஏழு டேங்கைத் தண்ணீரில் பார்த்தோம். மிச்சம் முப்பத்துநாலு மேஜையில். நான் ஒருத்தன் மாட்டேன் என்றால் மறுநாள் வேறொருத்தன் அந்த மேஜையில் உட்காருவான். இதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் 19, புதன்

பெனிட்டா புது பயோடேட்டாவை அச்செடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாற்பத்தொன்று வரி இல்லை. கடைசியில் இருந்த உறுதிமொழி வரியும் இல்லை. மாலை வந்ததும் கேட்டேன். "எடம் பத்தலப்பா" என்றாள்.

அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

முட்டி வலி. பூசைக்கே போகவில்லை. பூசை முடிந்து லூர்துவும் பெனிட்டாவும் திரும்பி வரும்போது கூடவே ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். தெருமுனையில் என் பெயரைச் சொல்லி வீடு கேட்டாளாம். முப்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் கவர்.

"நான் வளர்மதிங்க. கரூருங்க. அய்யாவு வீட்டுக்காரிங்க" என்றாள்.

அந்தப் பெயரை நான் எழுத்தில்தான் பார்த்திருந்தேன். பிப்ரவரியில் கரூரில் ஒரு டயர் பட்டறையில் எங்கள் டேங்க் வெடித்தது. பக்கத்தில் நின்றவன் அய்யாவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒன்றும் மிச்சமில்லை என்று கஜேந்திரன் சொன்னார். மார்ச்சில் விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்தேன். டேங்க் முறைப்படி சோதிக்கப்பட்டது, அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்கிற பாதுகாப்பு வால்வைப் பட்டறை ஆள் கம்பியால் கட்டியிருக்கலாம் என்று. "இருக்கலாம்" என்றுதான் எழுதினேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன்.

லூர்து டீ கொடுத்தாள். வளர்மதி கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தாள்.

"சண்டைக்கு வரலீங்க. ஒரே ஒரு கேள்விங்க. எங்க வீட்டுக்காரரு வால்வக் கம்பி போட்டுக் கட்டினாருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமுங்க. நீங்க பாத்தீங்களா?"

நான் காற்றாடியைப் பார்த்தேன். வேகம் குறைவாக ஓடியது. கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும்.

"அவரே தப்புப் பண்ணிச் செத்தாருன்னு சொல்லி ஒண்ணும் தர மாட்டேங்குறாங்க. அது கூடப் பரவால்லீங்க. எங்க மாமனாரு தெருவுல நடந்தா, உம் மவன் கைய வெச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம வால்வக் கட்டினானாமேன்னு கேக்கறாங்க. அவரு சூதானமான மனுசருங்க. வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு ரெண்டு வாட்டி ஆட்டிப் பாப்பாருங்க."

கவரிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். வெடித்த டேங்கின் பெயர்த்தகடு. பாதி கருகியிருந்தது. எனக்கு நீட்டினாள். என் கை வரவில்லை. பெனிட்டா வாங்கிப் பார்த்தாள். சோதித்த தேதி 31.03.2023. அதன் கீழே ஆய்வாளர் முத்திரை: ச.ஞா.

பெனிட்டா தலையைத் தூக்கி டிவி பக்கத்தில் இருந்த கேடயத்தைப் பார்த்தாள். அப்புறம் போட்டோவைப் பத்திரமாகக் கவருக்குள் போட்டுக் கொடுத்தாள்.

"டீ ஆறுதுக்கா. குடிங்க" என்றாள்.

"அடுத்த மாசம் பன்னண்டாந் தேதி வெள்ளிக்கெழம கரூர்ல விசாரணைங்க. அன்னிக்கி அந்த டேங்க டெஸ்ட்டு பண்ணலைன்னு நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னாப் போதுமுன்னு வக்கீலு சொல்றாருங்க. வருவீங்களா?"

"பாக்கலாம்மா" என்றேன்.

வளர்மதி கிளம்பிப் போனாள். பெனிட்டாதான் கேட்டாள்.

"போவீங்களாப்பா?"

"போயி நானே டெஸ்ட் பண்ணலன்னு சொன்னா, அப்புறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"நான் அதக் கேக்கலியே."

லூர்து எழுந்தாள். கேடயத்தை எடுத்து பீரோவுக்கு மேலே, பழைய பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

கஜேந்திரன் போன் செய்தார்.

"ஞானம், நமக்கு வேண்டியவரு தண்டபாணின்னு, அரியமங்கலத்துல புதுசா யூனிட் போட்டிருக்காரு. ஒன் பேரச் சொல்லியிருக்கேன். பயோடேட்டாவுல அந்த நாப்பத்தொரு டேங்க் ரெக்கார்டு போட்டியா? போடு. ரெஃபரன்ஸுக்கு என் பேரப் போட்டுக்க." கொஞ்சம் நிறுத்தி, "கரூர்லேருந்து யாராச்சும் வந்தாங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"வந்தா பாத்துப் பேசு. நான் ஒனக்கு நல்லவிதமாச் சொல்லணும்ல?"

மிரட்டுகிற ஆள் இல்லை அவர். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 26, புதன்

பெனிட்டாவிடம் கேட்க முடியாது. அவள் அச்செடுத்த பிரதியை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாவிடம் அதைப் பார்த்து அடித்து, நாற்பத்தொன்று வரியை முதலில் சேர்க்கச் சொன்னேன். அடித்து முடித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கீழே பார்த்தாள்.

"சார், உறுதிமொழிய விட்டுட்டீங்களே! இது இல்லாம எந்தக் கம்பெனியும் வாங்காது சார்."

நான் பேசுவதற்குள் அவளே அடித்துவிட்டாள். அவளுக்கு அது கைப்பழக்கம். மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை. இடம்: திருச்சி. நாள். பேனாவையும் அவளே நீட்டினாள். இருபத்திரண்டு வருடக் கையெழுத்து, யோசிக்காமல் ஓடியது.

ஜூன் 28, வெள்ளி

தண்டபாணிக்கு என் வயதுதான் இருக்கும். விபூதி, வெள்ளைச் சட்டை, நல்ல உபசரிப்பு. காபி வரவழைத்தார். கேள்விகளுக்கு நான் தயாராகப் போயிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க பேப்பர்ல ஒரு வரிதான் சார் படிச்சேன்" என்று நாற்பத்தொன்றில் விரலை வைத்தார். "ஒரு பம்ப்புலயா?"

"ஆமா சார்."

சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"எனக்கு இதான் சார் வேணும். முன்னாடி ஒருத்தன் இருந்தான். லோடு வாசல்ல நிக்கும், இவன் அரை மணி நேரம் முள்ளப் பாத்துக்கிட்டு நிப்பான். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டேன். கரூர் விஷயத்துல நீங்க கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலன்னு கஜேந்திரன் சொன்னாரு. அப்படிப்பட்ட ஆளு இந்தக் காலத்துல எங்க சார் கெடைக்குது?"

எட்டாம் தேதி சேர வேண்டும். பன்னிரண்டாம் தேதி லீவு கிடைக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். "பன்னண்டாந் தேதி மொத லோடு போகுது, நீங்கதான் பாத்துக்கணும்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்தப் பழைய பையன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்து வண்டியை எடுத்தேன். நல்ல வெயில்.

ஜூன் 29, சனி

லூர்து அந்தோணியார் கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். கேசரி கிண்டினாள். பெனிட்டா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள்.

"எந்த பயோடேட்டாவக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நீ அடிச்சதுதான்" என்றேன். முழுப் பொய் இல்லை. முதலில் அந்த வரியை அடித்தவள் அவள்தானே.

ஜூலை 4, வியாழன்

வளர்மதி போன் செய்தாள். பஸ் நிலையத்தில் வந்து நிற்கட்டுமா, ஆட்டோ வைத்து அழைத்துப் போகிறேன் என்றாள். "பாக்கலாம்மா" என்றேன். "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று வைத்தாள். எதற்கு நன்றி சொன்னாள் என்று நினைத்து நினைத்து ஆத்திரமாக வருகிறது. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 8, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். புது மேஜை, புது முத்திரை. பம்ப் ஒன்றுதான்.

ஜூலை 12, வெள்ளி

காலை ஆறு மணிக்கே பெனிட்டா எழுந்து என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். கரூர் பஸ்ஸுக்கு. நான் நீல நிறக் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் வாசல்வரை வந்தாள்.

பத்து மணியிலிருந்து போன் அடித்தது. வளர்மதி. டிராயரில் போட்டு மூடினேன். மரத்துக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்கு நின்றுவிட்டது.

பதினேழு டேங்க். முதல் டேங்கையாவது தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று எழுந்து போனேன். சத்தியமாகப் போனேன். பம்ப்புக்குக் கீழே தரை காய்ந்து, தூசு படிந்திருந்தது. ஹோஸையே யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஏற்றிய அழுத்தம், நின்ற நேரம், முடிவு சரி. பதினேழு கையெழுத்து. எந்த ஊருக்குப் போகிற லோடு என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெள்ளைச் சட்டை நாற்காலியிலேயே இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

முட்டி வலி.

நாளை பெனிட்டா காலேஜுக்குக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்கள். மேஜைமேல் அவள் பயோடேட்டா ஐந்து பிரதி. குளித்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துப் படித்தேன். ஒரே பக்கம். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. தந்தை பெயர் என்ற வரியைத் தேடினேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மற்ற நான்கு பிரதியையும் பார்த்தேன். இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் காட்டினேன்.

"ஒண்ணு விட்டுப்போச்சேம்மா?"

"இப்ப யாரும் போடறதில்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேப்பரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடங்கிவிட்ட முனையை நகத்தால் நீவி விட்டாள்.

அவள் சொல்வது சரிதான். புது முறை அதுதான். என்னுடையதிலும் அவள் அப்படித்தானே எடுத்தாள்.

ஆனால் என்னுடையதில் இடம் போதவில்லை என்று எடுத்த உறுதிமொழி, அவளுடையதில் இருக்கிறது. மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை. ஐந்து பிரதியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மேலிருந்து கீழ்வரை வரி வரியாகச் சரிபார்த்தேன். பொய் ஒன்றுகூட இல்லை.